‘பலாவர்’: கடற்கரை வழக்குப் பேச்சு வெட்டிப்பேச்சான கதை

கேள்வி இதுதான். ‘பலாவர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘வீண் அரட்டை, வளவளப்பு’ என்று இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் தொடர்களில் ஒருவர் ‘வாட் எ பலாவர்!’ என்று அலுத்துக்கொள்ளும் இடத்தில் யாரும் அரட்டை அடிப்பதில்லை. நைஜீரியப் படங்களிலோ ‘பலாவா’ என்றால் வம்பு, சண்டை. மூன்றும் ஒரே சொல்லா? எங்கிருந்து வந்தது?

ஒரே சொல்தான். போர்த்துகீசிய மொழியில் ‘பலாவ்ரா’ என்றால் சொல், பேச்சு. அது மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் வியாபாரப் பேச்சாகவும் வழக்கு விசாரணையாகவும் ஆனது. அங்கிருந்து ஆங்கிலக் கப்பல்காரர்கள் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. 1730-களில் ஆங்கில அச்சில் தென்படத் தொடங்குகிறது. 1748-க்குள் ‘பயனில்லாத பேச்சு’ என்ற பொருளும் வந்துவிட்டது. இந்தக் கடைசி மாற்றம் பேசியவர்களால் வந்ததல்ல, கேட்டவர்களால் வந்தது என்பது என் கருத்து. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் இன்றைய பயன்பாடு. பிரிட்டனில் இது பேச்சுவழக்குச் சொல். ஒரு சின்ன விண்ணப்பத்துக்கு நாலு படிவம், மூன்று கையெழுத்து என்று அலைய வைத்தால் ‘என்ன பலாவர் இது!’ என்பார்கள். இங்கே பொருள் ‘தேவையில்லாத பெரிய பாடு’. இரண்டு பேர் விடாமல் வளவளத்துக்கொண்டிருந்தால் அதுவும் பலாவர்தான். இனிக்க இனிக்கப் பேசிக் காரியம் சாதிப்பதற்கும் ஒரு காலத்தில் இதையே சொன்னார்கள், இப்போது அது அரிது.

சரி, கடற்கரைக்குப் போவோம்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1482-ல், இன்றைய கானா நாட்டின் கடற்கரையில் எல்மினா என்ற இடத்தில் போர்த்துகீசியர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். முதலில் தங்கத்துக்காக, அப்புறம் அடிமைகளுக்காக. அவர்களுக்கும் அந்தக் கரையில் வாழ்ந்த மக்களுக்கும் இடையே ஒரு கலப்பு வியாபார மொழி உருவானது. சொற்கள் பெரும்பாலும் போர்த்துகீசியம், இலக்கணம் மிக எளிமையானது. டச்சுக்காரர்கள் 1637-ல் எல்மினாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் 1672-ல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியை அமைத்தார்கள். கோட்டையும் கொடியும் மாறினாலும் பேச்சு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. புதிதாக வந்த ஆங்கிலேயன், தனக்கு முன்னால் வந்தவன் விட்டுப்போன சொற்களை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

‘ஃபெடிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் இதே உலகம்தான், போர்த்துகீசியத்தில் ‘ஃபெய்டிசோ’ என்றால் மந்திரித்த பொருள். கடனுக்கு ஈடாக ஆளையே பிடித்து வைத்துக்கொள்வதை ஆங்கில வியாபாரிகள் ‘பன்யார்’ என்றார்கள். அதுவும் அடகு வைத்தல் என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததே. இதே போர்த்துகீசியர்கள் நம் கரைக்கும் வந்தார்கள். ஜன்னல், சாவி, அலமாரி, பீப்பாய், ஏலம், இலங்கைத் தமிழில் கதிரை, சப்பாத்து, லேஞ்சி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. இங்கே பெரும்பாலும் பொருள்களின் பெயர்கள் தங்கின. அங்கே ‘பேச்சு’ என்ற சொல்லே தங்கிவிட்டது.

அந்தக் கரையில் பலாவர் என்பது சும்மா கூடிப் பேசுவதல்ல. சரக்கு இறக்குமுன் தலைவரோடு விலையும் வரியும் பேசுவது பலாவர். இரண்டு ஊர்களுக்கிடையே வழித்தகராறு என்றால் அது பலாவர். கடன், திருட்டு, கள்ளஉறவு, சாவுக்குப் பழி எல்லாம் பலாவர். ஒருவர் மேல் வழக்குப் போடுவதைப் ‘பலாவர் கூட்டினார்’ என்றார்கள். விசாரணை நடக்கும் கொட்டகைக்குப் பெயர் பலாவர் வீடு. தீர்ப்பானால் பலாவர் தீர்ந்தது.

இதைக் கண்ணால் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் முங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். நைஜர் ஆற்றைத் தேடிப் போனவர். 1795-ல் காம்பியா ஆற்றங்கரையில் பிசானியா என்ற ஊரில் சில மாதங்கள் தங்கினார், அவருடைய பயண நூல் 1799-ல் வந்தது. மண்டிங்கா மக்களின் பலாவர்கள் திறந்த வெளியில், உரிய மரியாதையோடு நடந்தன என்கிறார். இரு தரப்பும் தடையில்லாமல் வாதிடும், சாட்சிகளை எல்லோர் முன்னாலும் விசாரிப்பார்கள், தீர்ப்பைச் சுற்றி நிற்கும் மக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். இஸ்லாமியச் சட்டம் படித்த வழக்கறிஞர்களும் அங்கே இருந்தார்கள். வழக்கை இழுத்தடிப்பதிலும் குழப்புவதிலும் ஐரோப்பாவின் கெட்டிக்கார வக்கீல்களுக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

அவர் அங்கே இருந்தபோது நடந்த ஒரு வழக்கையும் சொல்கிறார். செராவூலி இனத்தைச் சேர்ந்த ஒருவரின் கழுதை, ஒரு மண்டிங்கா விவசாயியின் தானிய வயலில் புகுந்து பெரும்பகுதியை நாசமாக்கிவிட்டது. விவசாயி கழுதையைப் பிடித்தார், கத்தியை எடுத்தார், கழுத்தை அறுத்துவிட்டார். கழுதைக்காரர் நஷ்டஈடு கேட்டுப் பலாவர் கூட்டினார். இந்த இடத்தில் பார்க், ‘ஐரோப்பிய முறையில் சொன்னால் வழக்குத் தொடுத்தார்’ என்று விளக்கமும் தருகிறார். விவசாயி கொன்றதை மறுக்கவில்லை. ‘உன் கழுதையின் விலைக்கு என் பயிரின் நஷ்டம் சரியாகிவிட்டது’ என்பது அவர் வாதம். அப்படியானால் பயிர் நஷ்டம் எவ்வளவு? அதுதான் கேள்வி. வழக்கறிஞர்கள் அதை அலசு அலசு என்று அலசியதில் மூன்று நாள் ஆகியும் முடிவு வரவில்லை, சபை கலைந்துவிட்டது. இன்னொரு பலாவர் கூட்ட வேண்டியிருந்திருக்கும் என்று முடிக்கிறார்.

இந்தச் சின்ன வழக்கில் பிராது, எதிர்வாதம், ஈடுகட்டும் கணக்கு, மதிப்பீடு, ஒத்திவைப்பு என்று ஒரு நீதிமன்றத்தில் இருக்க வேண்டிய எல்லாமே இருக்கின்றன. மூன்று நாள் ஆனது என்பதற்காக இதை யாராவது வெட்டிப்பேச்சு என்று சொல்ல முடியுமா?

ஆனால் அப்படிச் சொல்லத் தோன்றும் இடத்தில் ஒருவர் இருந்தார், கப்பலில் காத்திருந்தவர். அடிமைக் கப்பல்கள் ஆட்களைச் சேர்க்க அந்தக் கரையில் மாதக்கணக்கில் நிற்கும். காய்ச்சலில் மாலுமிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஒவ்வொரு நாளும் கப்பல் முதலாளிக்குச் செலவு. கரையில் பெரியவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறார்கள், ஒவ்வொருவரும் முறைப்படி எழுந்து தம் தரப்பைச் சொல்கிறார்கள், பழைய ஒப்பந்தங்களை நினைவூட்டுகிறார்கள். மொழி தெரியாத மாலுமிக்கு அது முடிவில்லாத ‘சளசள’. தன் வேலையைத் தாமதமாக்கும் சத்தம். அவன் ஊருக்குத் திரும்பி வந்து, தன் வீட்டில் யாராவது நீளமாகப் பேசினால் ‘உன் பலாவரை நிறுத்து’ என்றான். சொல் இப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு கிளையும் உண்டு. பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1811-ஆம் ஆண்டுப் பதிப்பில் பலாவர் என்றால் ‘முகஸ்துதி செய்தல்’ என்று இருக்கிறது. உடன்படிக்கை, பேச்சு, கூடிப்பேசுதல் என்று பொருள்படும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்ற குறிப்பும் சேர்த்திருக்கிறது. போர்த்துகீசிய மூலத்தை மறந்து ஆப்பிரிக்கச் சொல் என்றே நினைக்கும் அளவுக்கு அது அந்தக் கரையோடு ஒட்டிப்போயிருந்தது.

பலாவரை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. அடிமை வியாபாரம் அந்த நீதிமுறையின் உள்ளேயே புகுந்து கெடுத்தது. காம்பியாவில் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் ஊழியராக இருந்த பிரான்சிஸ் மூர் 1738-ல் வெளியிட்ட நூலில் இதை வெளிப்படையாகச் சொல்கிறார். அடிமை வியாபாரம் வந்தபின் எல்லாத் தண்டனைகளும் அடிமைத்தனமாக மாறிவிட்டன என்கிறார். குற்றவாளியை விற்றால் லாபம் என்பதால் குற்றங்களைத் தேடிப்பிடித்துச் சுமத்தினார்களாம். சின்னத் திருட்டுக்குக்கூட ஒருவன் விற்கப்பட்டான். அதாவது கரையில் நடந்த பலாவரின் முடிவில் ஒரு மனிதன் கடல்கடந்து போய்விடலாம். கப்பலில் நின்றவனுக்கு அது அரட்டையாகக் கேட்டிருக்கலாம். நடுவில் நிறுத்தப்பட்டவனுக்கு அதில் தன் வாழ்க்கையே இருந்தது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் இது இருக்கிறது என்பதை அகராதிகளின் ஒருவரிக் குறிப்பு சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

இப்போது ஆப்பிரிக்காவுக்கு முந்தைய கதை. கிரேக்கத்தில் ‘பரபோலே’ என்றால் பக்கத்தில் எறிவது, அதாவது ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிடுவது. பெர்காவின் அப்போலோனியஸ் ஒரு வளைவுக்கு இதே பெயரை வைத்தார், நாம் கணக்குப் பாடத்தில் பரவளையம் என்று படிப்பது அதைத்தான். ஒப்பிட்டுச் சொல்லும் கதைக்கும் இதே பெயர். ஏசு சொன்ன உவமைக் கதைகள் லத்தீனில் ‘பரபோலா’ ஆயின. தேவாலயங்களில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்ட மக்கள், பேச்சு லத்தீனில் ‘பரபோலா’ என்பதை ‘சொல்’, ‘பேச்சு’ என்ற பொதுப் பொருளிலேயே பயன்படுத்த ஆரம்பித்தார்கள். சொல்லுக்கு லத்தீனில் ஏற்கெனவே ‘வெர்பும்’ இருந்தது. ஆனால் யோவான் நற்செய்தியின் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்ற வரியில் வரும் வார்த்தை அதுதான். தெய்வத்துக்கு உரியதாகிவிட்ட சொல்லை அன்றாடப் பேச்சில் புழங்கத் தயங்கினார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

இந்தப் ‘பரபோலா’ பிரெஞ்சில் ‘பரோல்’, இத்தாலியத்தில் ‘பரோலா’, ஸ்பானியத்தில் ‘பலாப்ரா’, போர்த்துகீசியத்தில் ‘பலாவ்ரா’. கடைசி இரண்டிலும் ரகரமும் லகரமும் இடம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். நமக்கு இது புதிதல்ல. நாளிகேரம் நாரிகேளம் ஆனது இதே வழிதான். தசை–சதை, வைசாகி–வைகாசி என்று நம் இலக்கண உரைகள் எழுத்து நிலைமாறுதலுக்குக் காட்டும் வரிசையில் பலாவ்ராவையும் கூச்சமில்லாமல் சேர்க்கலாம்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன கிளை தனிக் குடும்பம். பேசும் இடம் பார்லிமென்ட். மடங்களில் பேச அனுமதி இருந்த அறை பார்லர், இன்று நம் தெருவில் ஐஸ்கிரீமும் அழகு நிலையமும் அந்தப் பெயரில் நடக்கின்றன. கைதி ‘ஓட மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்து வெளியே வருவது பரோல். பலாவர் இவர்களுக்கெல்லாம் ஒன்றுவிட்ட உறவு. ஒரே குடும்பத்தில் ஒன்று நாடாளுமன்றம் ஆனது, இன்னொன்று வெட்டிப்பேச்சு ஆனது. ஒன்று பிரெஞ்சு அரசவை வழியாக வந்தது, மற்றது ஆப்பிரிக்கக் கரை வழியாக வந்தது. வந்த வழிக்குத் தக்கபடிதான் ஆங்கிலத்தில் மதிப்பும் கிடைத்திருக்கிறது.

ஸ்பானிய வடிவம் ஆங்கிலத்தில் இதற்கு முன்பே எட்டிப்பார்த்திருக்கிறது. 1600-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகத்தில் டாக்பெரி என்ற காவலர், ஒப்பீடுகள் வெறுக்கத்தக்கவை என்று சொல்ல வந்து, வார்த்தை தடுமாறி, ஒப்பீடுகள் நாறும் என்கிறார். உடனே சகாவைப் பார்த்து ‘பலாப்ராஸ்’ என்கிறார், குறைவாகப் பேசு என்ற ஸ்பானியத் தொடரின் துண்டு அது. ஒப்பீடு என்ற பொருளில் பிறந்த சொல்லின் பேரனும் ஒப்பீடும் ஒரே வரியில் வந்துவிட்டன. தற்செயல்தான், ஆனால் எனக்கு மிகப் பிடித்த தற்செயல்.

மற்ற மொழிகளில் இந்தச் சொல் போன போக்கும் சுவையானது. 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களில் பலர் துருக்கிய சாம்ராஜ்யத்தில் குடியேறினார்கள். அவர்கள் பேசிய ஸ்பானியம் வழியாகத் துருக்கி மொழிக்குப் போன ‘பலாவ்ரா’வுக்கு இன்று பொருள் பீற்றல், புளுகு. ஜெர்மனில் ‘பலாவர்’ முடிவில்லாத பேச்சு. ஃபின்னிஷ் மொழியில் மட்டும் ‘பலாவெரி’ என்றால் அலுவலகக் கூட்டம்! பத்து மணிக்குப் பலாவெரி இருக்கிறது என்று அங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். சுற்றிச் சுற்றி அந்தச் சொல் மறுபடி கூடிப்பேசும் இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பிரிட்டனின் நாடகக்காரர்களும் மாலுமிகளும், பிறகு ஓரினச்சேர்க்கையாளர்களும் பேசிய ‘பொலாரி’ என்ற மறைமொழிக்கும் இதோடு தொடர்பு உண்டு. பேசுதல் என்ற இத்தாலியச் சொல்லான ‘பர்லாரே’யிலிருந்து வந்த பெயர் அது. இங்கிலாந்தில் ஆண்களின் ஓரினச்சேர்க்கை 1967 வரை குற்றமாக இருந்ததால், வெளியாட்களுக்குப் புரியாமல் பேசிக்கொள்ள ஒரு மொழி தேவைப்பட்டது.

ஆப்பிரிக்காவில் இச்சொல் என்ன ஆனது? அங்கே அதன் கனம் குறையவே இல்லை. நைஜீரியாவில் பேசப்படும் கலப்பு ஆங்கிலமான பிட்ஜினில் பலாவா என்றால் பிரச்சினை, வம்பு, வழக்கு. நம் ஊரில் ‘பஞ்சாயத்து’ இருக்கிறதே, அதே நடைதான். ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்பதும் பஞ்சாயத்து, ‘அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ பஞ்சாயத்து’ என்றால் சண்டையும் அதுவே. தீர்க்கும் இடத்தின் பெயர், தீர்க்க வேண்டிய தகராறின் பெயராகிவிடுகிறது. கானாவிலும் லைபீரியாவிலும் கீரை போட்டுச் செய்யும் ஒரு குழம்புக்குப் பலாவா சாஸ் என்று பெயர். சியரா லியோனில் அதுவே தேய்ந்து ‘பிளாசாஸ்’ ஆகிவிட்டது. பல பொருள்கள் ஒன்றோடொன்று மோதிக் கலப்பதால் வந்த பெயர் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

பிரெஞ்சு பேசும் நாடுகளில் ஊர் கூடிப் பேசும் மரத்துக்குப் பலாப்ர் மரம் என்றே பெயர். மாலியில் டோகோன் மக்கள் இதற்கென்று ‘டோகுனா’ என்ற மண்டபம் கட்டுகிறார்கள். தூண்களின் மேல் கம்புத்தட்டைகளைத் தடிமனாக அடுக்கிய கூரை. அது வேண்டுமென்றே தாழ்வாக இருக்கும், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. கோபத்தில் துள்ளி எழுந்தால் தலை இடிக்கும். உட்கார்ந்தபடிதான் வாதாட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் நெசவாலையில் வேலை பார்த்து, பின் 1876-ல் இன்றைய நைஜீரியாவில் உள்ள கலபாருக்கு மிஷனரியாகப் போன மேரி ஸ்லெஸ்ஸர், இந்தப் பேச்சின் பயனை அறிந்தவர். ஒகோயோங் பகுதி மக்களோடு வாழ்ந்து, 1892-ல் அங்கே பிரிட்டிஷ் துணைத் தூதராகவும் ஆனவர். நாள் முழுக்க நீளும் பலாவர்களில் பின்னல் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்பாராம். காலனி அதிகாரிகளிடம் அபூர்வமான குணம் அது.

லைபீரியாவில் 1989 முதல் 2003 வரை இரண்டு கட்டமாக நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2009-ல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. அது செய்த பரிந்துரைகளில் ஒன்று, நாடு முழுவதும் ‘பலாவா ஹட்’ முறையை அமைப்பது. ஊர்க் குடிசையில் பாதிக்கப்பட்டவரும் தவறு செய்தவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சேர்ந்து வாழ வழி பார்ப்பது. இத்தனை பெரிய சுமையை ஒரு நாடு இந்தச் சொல்லின் மேல் நம்பிக்கையோடு ஏற்றியிருக்கிறது.

இடையில் வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன். வளவளப்பைக் குறிக்கும் ‘பிளாதர்’ என்ற ஆங்கிலச் சொல் ஒலியில் பக்கத்தில் இருந்தாலும் பலாவருக்கு உறவில்லை. அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது.

மொழிபெயர்ப்பவர்களுக்காகக் கடைசியாக ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் கதையில் ‘வாட் எ பலாவர்’ வந்தால் ‘என்ன ரோதனை இது’, ‘இதுக்கு இவ்வளவு பாடா’ என்று போடுங்கள், அரட்டை என்று போட்டால் காட்சி புரியாது. இரண்டு பேர் விடாமல் பேசும் இடத்தில் வளவளப்பு, அரட்டை சரி. நைஜீரிய, கானா எழுத்துகளில் வந்தால் வம்பு, தகராறு, பஞ்சாயத்து ஆகிய மூன்றில் இடத்துக்கு ஏற்றது. 18-ஆம் நூற்றாண்டுப் பயண நூல்களில் வந்தால் ‘வழக்கு’ அல்லது ‘சபை’ என்று எழுதுங்கள். கழுதைக்காரர் கூட்டியது ஒரு சபை.